பயிருக்கு நோவு வந்தால் யாரைக் கேட்பது? சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் ஓர் ஒப்பீடு

குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிச் செடியின் உச்சி கொண்டை போட்டுக்கொண்டு சுருள்கிறது. பாக்கு மரத்தின் மட்டை மஞ்சளாகிறது. மாடியில் வைத்த தக்காளி காய் பிடிக்காமல் பூவை உதிர்க்கிறது. ஏற்காட்டில் நேற்று வரை நன்றாக இருந்த காபிச் செடி காரணம் தெரியாமல் வாடி நிற்கிறது. இப்படி ஏதாவது ஒன்று வந்தால், சேலம் மாவட்டத்தில் போய்க் கேட்பதற்கு இடம் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு வட்டாரத்திலும் வேளாண்மை விரிவாக்க மையமும் தோட்டக்கலைத் துறையும் இருக்கின்றன. சந்தியூரில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. ஏத்தாப்பூரிலும் ஏற்காட்டிலும் ஆராய்ச்சி நிலையங்கள், மலையில் காபி வாரியம், கைப்பேசியில் உழவன் செயலி, கட்டணமில்லாத் தொலைபேசி. இவ்வளவு இருந்தும் நம்மில் பெரும்பாலானோர் முதலில் போய் நிற்பது பூச்சிமருந்துக் கடையில்தான்.

அதற்குக் காரணமும் இருக்கிறது. கடை காலையிலிருந்து இரவு வரை திறந்திருக்கும். தெரிந்த முகம். வெள்ளாமை எடுத்துவிட்டுக் கொடுங்கள் என்று கடனும் தருவார்கள். அரசு அலுவலகம் என்றால் "சார் ஃபீல்டுக்குப் போயிருக்காரு" என்ற பதில் வருமோ என்ற தயக்கம். ஆனால் இந்த இடங்கள் எல்லாம் ஒரே வேலையைச் செய்பவை அல்ல. எந்தக் கேள்வியை எங்கே கொண்டுபோகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் நல்ல பதில் கிடைக்கும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நோய் என்னவென்று சொல்பவரும் அதற்கு மருந்து விற்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. மற்றதில் எல்லாம் தூரம், நேரம், வசதி பார்த்து முடிவு செய்யலாம். இதில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

கடை சொல்லும் பதில்

கடைக்காரர்கள் ஒன்றும் தெரியாதவர்கள் அல்ல. பூச்சிமருந்து விற்க உரிமம் வேண்டுமென்றால் வேளாண்மை, வேதியியல், தாவரவியல் போன்ற ஏதாவது ஒரு படிப்போ, அதற்கென்று உள்ள பயிற்சியோ இருக்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது. பல வருடம் கடை நடத்துபவருக்கு இந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்த மாதம் எந்தப் பூச்சி வரும் என்பது விரல் நுனியில் இருக்கும். அவசரத்துக்கு அந்த அறிவு உதவும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. "அண்ணா, குச்சிக்கிழங்கு இலையெல்லாம் மஞ்சளாப் போகுது, ஒரு மருந்து குடுங்க" என்று நாம் கேட்கிறோம். செடியைக் கொண்டுபோவதில்லை. வேருக்கு என்ன ஆயிற்று என்று பார்த்ததில்லை. அவரும் வயலைப் பார்க்க முடியாது. எதற்கும் இருக்கட்டும் என்று பூச்சிக்கு ஒன்று, பூஞ்சாணத்துக்கு ஒன்று, கூடவே ஒரு டானிக் என்று பையில் போட்டுத் தருகிறார். மூன்றையும் ஒரே டேங்கில் கலந்து அடித்துவிட்டு வருகிறோம்.

மரவள்ளி இலை மஞ்சளாவதற்கு நம் பக்கத்தில் குறைந்தது மூன்று காரணம் உண்டு. ஒன்று தேமல் நோய். இலையில் மஞ்சளும் பச்சையும் திட்டுத் திட்டாக வரும், இலை ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ளும். இது வைரஸ். வெள்ளை ஈ பரப்பும், நோயுள்ள செடியிலிருந்து எடுத்த கரணை (நடுவதற்கு வெட்டும் தண்டுத் துண்டு) மூலமாகவும் வரும். வந்த செடியைக் குணப்படுத்த எந்த மருந்தும் கிடையாது. பிடுங்கி அழித்துவிட்டு, அடுத்த முறை நோயில்லாத செடியிலிருந்து கரணை எடுப்பதுதான் வழி. இரண்டாவது இரும்புச் சத்துக் குறை. சுண்ணாம்பு கலந்த மண்ணில் இது சாதாரணம். கொழுந்து இலைகள் வெளுக்கும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும், இலை கோணாது. இதற்கு அன்னபேதி (இரும்பு சல்பேட்) உப்புக் கரைசல் தெளித்தால் போதும், செலவும் குறைவு. மூன்றாவது செம்பேன். கோடையில் வரும். இலையில் ஊசி குத்தியது போல மஞ்சள் புள்ளி விழும், திருப்பிப் பார்த்தால் அடியில் பேன் ஊரும். இதற்குச் சிலந்திப்பேன் மருந்து வேண்டும். சாதாரணப் பூச்சிமருந்தை அடித்தால் பேனைத் தின்னும் நல்ல பூச்சிகள் செத்துப் பேன் இன்னும் பெருகும்.

மூன்றும் "மஞ்சள்"தான். ஒன்றுக்கு மருந்தே இல்லை, ஒன்றுக்கு மலிவான உப்பு போதும், ஒன்றுக்கு மட்டும்தான் கடையில் ஏதாவது வாங்க வேண்டும். "இதுக்கு மருந்து கிடையாதுங்க, செடியைப் பிடுங்கிப் போடுங்க" என்ற பதிலால் கடைக்கு ஒரு ரூபாய் வருமானம் இல்லை. நல்ல மனிதர்கள் அதையும் சொல்கிறார்கள். ஆனால் நம் வயலின் கதி அவருடைய நல்ல மனதை நம்பி இருக்க வேண்டியதில்லை. மருத்துவர் சீட்டு எழுதித் தந்த பிறகு மருந்தகத்துக்குப் போகிறோமே, அந்த வரிசை பயிருக்கும் வேண்டும்.

மாவுப்பூச்சி கற்றுக்கொடுத்தது

அரசு விரிவாக்கத்தால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது மாவுப்பூச்சியின் வரலாற்றை. சேலம், நாமக்கல் மரவள்ளிக்காரர்கள் இதில் இரண்டு முறை அடிபட்டிருக்கிறார்கள்.

முதலில் வந்தது பப்பாளி மாவுப்பூச்சி. மெக்சிகோ பக்கத்துப் பூச்சி. 2008இல் கோயம்புத்தூரில் கண்டார்கள். பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று பரவி மேற்கு மாவட்டங்களையே வெள்ளையாக்கியது. மருந்து அடித்து அடித்து ஓய்ந்தார்கள். உடம்பின் மேல் மெழுகு மாதிரி மாவு மூடியிருப்பதால் மருந்து சரியாக உள்ளே இறங்காது, அடித்த சில நாளில் திரும்ப வந்துவிடும். 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தார்கள். பெங்களூரில் உள்ள மத்திய நிறுவனம் வளர்த்துக் கொடுக்க, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தன் ஆராய்ச்சி நிலையங்கள், வேளாண் அறிவியல் நிலையங்கள் வழியாக வயல்களில் விட்டது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அந்தக் குளவிகள் மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைத்து அதை உள்ளிருந்தே முடித்தன. பூச்சி அடங்கியது.

அப்புறம் 2020இல் இன்னொன்று வந்தது, மரவள்ளி மாவுப்பூச்சி. கேரளத்தில் முதலில் தென்பட்டு நம் பக்கம் பரவியது. பார்க்க இரண்டும் வெள்ளைதான். ஆனால் இது உச்சியைத் தாக்கிக் கணு இடைவெளியைக் குறுக்கிக் கொண்டை போட வைக்கும். பழைய குளவி இதைத் தொடாது. இதற்கு வேறு குளவி வேண்டும். ஆப்பிரிக்காவில் 1970களில் இதே பூச்சி மரவள்ளியை அழித்துக்கொண்டிருந்தபோது, தென் அமெரிக்காவிலிருந்து ஒரு குளவியைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து 1981இலிருந்து நாடு நாடாக விட்டார்கள். அந்த வேலைக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரன் என்ற விஞ்ஞானிக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதே குளவியைப் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, 2022 மார்ச்சில் நம் ஏத்தாப்பூர் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வைத்துத்தான் வயலில் விடத் தொடங்கினார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்தத் தீர்வு எந்தக் கடையிலும் பாட்டிலில் கிடைக்காது. பூச்சி எந்த இனம் என்று சரியாகப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும், குளவியைத் தேடிக் கொண்டுவரவும் வளர்க்கவும் நிலையம் வேண்டும், ஊர் ஊராகப் போய் விட வேண்டும். விட்ட பிறகு, "கொஞ்ச நாளைக்கு மருந்து அடிக்காதீங்க, குளவி செத்துடும்" என்று விவசாயியிடம் சொல்ல நம்பிக்கையான ஒருவர் வேண்டும். குளவி விட்ட வயலிலும் பக்கத்து வயலிலும் பயத்தில் வழக்கம்போல மருந்து அடித்தால் வந்த குளவியும் போய்விடும். யாரிடம் கேட்டுப் பழகியிருக்கிறோம் என்பது அந்த நேரத்தில்தான் தெரிகிறது.

வட்டார அலுவலகம்: திட்டத்துக்கும் பதிவுக்கும்

வட்டார அளவில் உதவி இயக்குநர்கள் இருவர் இருப்பார்கள், வேளாண்மைக்கு ஒருவர், தோட்டக்கலைக்கு ஒருவர். நெல், சோளம், மக்காச்சோளம், நிலக்கடலை, பருத்தி, தென்னை எல்லாம் வேளாண்மைத் துறை. மா, பாக்கு, வாழை, காய்கறி, பூ, மஞ்சள் தோட்டக்கலைத் துறை. மரவள்ளியும் தோட்டக்கலைதான். இது தெரியாமல் மரவள்ளிக்காரர் வேளாண்மை அலுவலகத்தில் காத்திருந்துவிட்டு, "நீங்க தோட்டக்கலைக்குப் போகணுங்க" என்ற பதிலோடு திரும்புவது அடிக்கடி நடக்கிறது. டிராக்டர், பவர் டில்லர், சோலார் மோட்டார், பண்ணைக் குட்டை என்றால் மூன்றாவதாக வேளாண் பொறியியல் துறை.

மானியம், பதிவு, சான்று எதுவானாலும் இவர்களைத் தவிர வேறு யாரும் செய்து தர முடியாது. சொட்டு நீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் இருக்கிறது. அதற்குத் தாசில்தாரிடம் சிறு, குறு விவசாயிச் சான்று, சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார் என்று கட்டிக்கொண்டு போக வேண்டும். ஆழ்துளைக் கிணறு ஆழமாகிக்கொண்டே போகும் நம் மாவட்டத்தில் இந்த ஒன்றுக்காகவாவது எல்லோரும் ஒருமுறை அந்தப் படியேற வேண்டும். மழை, காற்றில் பயிர் போனாலும் கணக்கெடுக்க வருவது இவர்களும் வருவாய்த் துறையும்தான். 33 சதவீதத்துக்கு மேல் சேதம் இருந்தால்தான் நிவாரணத்துக்குக் கணக்கு. பயிர்க் காப்பீடு செய்தவர் ஆலங்கட்டி மழை மாதிரித் தன் வயலில் மட்டும் நடந்த சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். முன்பே பழக்கம் இருந்தால் அந்த நேரத்தில் யாருக்குப் போன் செய்வது என்று அலைய வேண்டியதில்லை.

பலவீனமும் உண்டு. ஓர் உதவி அலுவலர் பல கிராமங்களைப் பார்க்கிறார். பாதி நேரம் இலக்கு, பதிவேற்றம், கூட்டம் என்று போய்விடுகிறது. இடமாற்றம் வந்தால் பழகிய ஆள் போய்ப் புதியவர் வருவார். இலை நோயைத் துல்லியமாகப் பிரித்துச் சொல்ல அவருக்கு எப்போதும் நேரமும் கருவியும் இருக்காது. அதனால் அவரைக் குறை சொல்லாமல், அவரிடம் கேட்க வேண்டியதை மட்டும் கேட்பது நல்லது. உழவன் செயலியில் உதவி அலுவலர் எந்த நாளில் எந்த ஊருக்கு வருகிறார் என்பதைப் பார்க்கலாம். ஊருக்கு வரும் நாளில் பிடித்தால், வயலுக்கே கூட்டிப்போக முடியும்.

சந்தியூர்: நோய் என்னவென்று அறிய

வேளாண் அறிவியல் நிலையம் என்பது மாவட்டத்துக்கு ஒன்று என்ற கணக்கில் நாடு முழுக்க அமைந்த ஏற்பாடு. முதல் நிலையம் 1974இல் நமக்கு அருகில் புதுச்சேரியில் தொடங்கியது. அதைத் தொடங்கி நடத்தியது கோவையில் உள்ள நம் வேளாண்மைப் பல்கலைக்கழகம்தான். சேலத்துக்கானது மல்லூர் பக்கம் சந்தியூரில் இருக்கிறது, அதே பல்கலைக்கழகத்தின் கீழ். பயிர்ப் பாதுகாப்பு, உழவியல், தோட்டக்கலை, மண்ணியல், மனையியல் என்று துறைக்கு ஒரு வல்லுநர் என்ற அமைப்பு. இவர்களுக்கு மானியம் கொடுக்கும் வேலை இல்லை. இலக்கை முடிக்க உங்களைத் திட்டத்தில் சேர்க்க வேண்டிய அவசரமும் இல்லை. புதிய ரகம், புதிய முறை எதுவானாலும் விவசாயி வயலில் வைத்துப் பார்த்து, சரிவருகிறதா என்று சோதிப்பது, பயிற்சி கொடுப்பது, வந்தவருக்குப் பதில் சொல்வது, இவைதான் வேலை.

அதனால் "இது என்ன நோய்?" என்ற கேள்விக்கு என் முதல் தேர்வு இதுதான். மாதிரியைக் கையில் வாங்கிப் பார்ப்பார்கள், லென்ஸ் வைத்துப் பார்ப்பார்கள், தெரியாவிட்டால் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிக் கேட்பார்கள். காளான், தேனீ, நாற்றங்கால், மதிப்புக்கூட்டல் என்று பயிற்சி வேண்டுபவருக்கும் இதுதான் இடம். தன் வயலில் செயல்விளக்கத் திடல் போட ஒத்துக்கொள்பவருக்கு விதையும் இடுபொருளும் கிடைக்கும், அதைவிட முக்கியமாக அந்தப் பருவம் முழுக்க ஒரு விஞ்ஞானி அவர் வயலுக்கு வந்துபோவார்.

தூரம்தான் பிரச்சினை. பனமரத்துப்பட்டி, வீரபாண்டிக்காரர்களுக்குப் பக்கம். மேட்டூர், கொளத்தூரிலிருந்தோ தலைவாசல், கெங்கவல்லியிலிருந்தோ வருபவருக்கு ஒரு நாள் வேலை கெட்டுவிடும். போவதற்கு முன் போன் செய்து, உங்கள் பயிருக்கு உரிய வல்லுநர் அன்று இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கிழக்கே இருப்பவர்கள், பயிர் மரவள்ளி அல்லது ஆமணக்கு என்றால், சந்தியூர் வரை வரவே வேண்டாம். ஆத்தூர் போகும் வழியில் ஏத்தாப்பூர் இருக்கிறது. ஆராய்ச்சி நிலையம் ஒரு பயிரை ஆழமாகப் பார்க்கும். நிலையத்தின் சொந்த ரகக் கரணைகள், ஆமணக்கு வீரிய ரகங்கள் பற்றி நேராகக் கேட்கலாம். முள்ளுவாடி, குங்கும ரோஸ் என்று ஊரில் ஓடும் ரகங்களோடு ஒப்பிட்டுச் சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்கு எது நல்லது, சமையலுக்கு எது நல்லது என்று பேச அங்கே ஆள் உண்டு. ஆனால் அங்கே போய் மல்லிகையைப் பற்றிக் கேட்டால் ஆழமான பதில் கிடைக்காது.

மலைமேல் கணக்கு வேறு

ஏற்காட்டில் இந்த ஒப்பீடு அப்படியே மாறிவிடும், ஏனென்றால் காபி வேளாண்மைத் துறையின் பயிரே அல்ல. 1942ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த காபி வாரியம் மத்திய வர்த்தக அமைச்சகத்தின் கீழ் வருகிறது. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் சேர்வராயன் மலைக்குக் கொண்டுவந்த பயிர் இரண்டு நூற்றாண்டாக இந்த மலையில் நிற்கிறது. இன்றும் அதற்கான விரிவாக்க ஆலோசனை, மறுநடவு உதவி, காபித் தோட்டப் பதிவு எல்லாம் வாரியத்தின் ஏற்காடு அலுவலகம் வழியாகத்தான். அவர்களுக்குப் பின்னால் சிக்மகளூர் மாவட்டம் பாலஹொன்னூரில் 1925இலிருந்து நடக்கும் மத்திய காபி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எஸ் 795, சந்திரகிரி போன்ற அரபிகா ரகங்கள் அங்கிருந்து வந்தவைதான்.

அரபிகாவுக்கு இங்கே பெரிய எதிரி வெள்ளைத் தண்டுத் துளைப்பான். கோடையில் ஏப்ரல், மே மாதங்களிலும், அப்புறம் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரையிலும் வண்டு வெளியே வந்து பறக்கும். வெயில் படும் தண்டின் பட்டை இடுக்கில் முட்டை வைக்கும். புழு தண்டுக்குள் போய்ச் சுரங்கம் தோண்டும். வெளியிலிருந்து பார்த்தால் தண்டில் மேடு தட்டியிருக்கும், இலை மஞ்சளாகி வாடும். அந்த நிலையில் எந்த மருந்தை இலையில் அடித்தும் பயனில்லை, புழு கட்டைக்குள் இருக்கிறது. வண்டு பறக்கும் பருவத்துக்கு முன்பே ஒவ்வொரு செடியாகத் தேடிப் பார்த்து, பாதிக்கப்பட்டதை வெட்டி எரிக்க வேண்டும். தளர்ந்த பட்டையைத் தேய்த்து எடுத்துச் சுண்ணாம்புக் கரைசல் பூச வேண்டும். சில்வர் ஓக்கை மட்டும் நம்பாமல் கல்யாண முருங்கை மாதிரி நிழலும் சேர்த்து வெயிலைக் கட்டுப்படுத்த வேண்டும். இதெல்லாம் காபி வாரியத்தின் ஆள் தோட்டத்தில் நடந்து காட்டினால்தான் மனதில் நிற்கும். சில ஏக்கர் வைத்திருக்கும், இந்த மலையின் மலையாளிப் பழங்குடி மக்களுக்கு இது இன்னும் முக்கியம். பெரிய எஸ்டேட்டுக்கு மேலாளர் இருக்கிறார், அவர்களுக்கு யாரும் இல்லை. தோட்டத்தை வாரியத்தில் பதிந்து வைப்பது அவர்களுக்கு நான் சொல்லும் முதல் வேலை.

ஆனால் அதே தோட்டத்தில் சில்வர் ஓக் மேல் ஏறியிருக்கும் மிளகுக்கு ஏற்காடு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தைக் கேட்கலாம், மானியம் என்றால் தோட்டக்கலைத் துறை. மிளகில் விரைவாடல் வந்தால் கொடி சில நாளிலேயே சரிந்துவிடும். வந்த பிறகு ஓடுவதைவிட மழை பிடிக்கும் முன் ஒரு சதவீதப் போர்டோ கலவை தெளிப்பதுதான் காப்பாற்றும். 1 கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), 1 கிலோ நீர்த்த சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். இரண்டையும் தனித்தனியாகக் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்ற வேண்டும், பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரத்தில். பளபளப்பான இரும்புக் கத்தியை முக்கி எடுத்தால் செம்புப் படிவு ஒட்டக் கூடாது. ஒட்டினால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும். அன்றே தெளித்துவிட வேண்டும். கடையில் வாங்கும் எந்தப் பொட்டலத்தையும்விட இது மலிவு. இதைச் செய்து காட்டச் சொல்லி ஆராய்ச்சி நிலையத்தில் கேளுங்கள், ஒருமுறை பார்த்தால் போதும்.

மலையில் இருப்பவர் சந்தியூருக்கும் வரலாம், தடையில்லை. ஆனால் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிப் பட்டணத்தைத் தாண்டிப் போவதைவிட மேலேயே கேட்பது நேரத்துக்கும் நல்லது, மலை மண்ணைத் தெரிந்தவரின் பதிலாகவும் இருக்கும். கீழே பல இடங்களில் மண் சுண்ணாம்புத் தன்மை, மேலே புளிப்பு. கீழே ஒருவருக்குச் சொன்ன உர அளவை மேலே போடக் கூடாது.

போன், செயலி, மாடித் தோட்டம்

கிசான் கால் சென்டர் எண் 1800-180-1551. எல்லா நாளும் காலை 6 மணியிலிருந்து இரவு 10 வரை, தமிழில் பேசலாம். விதை அளவு, நடவுப் பருவம், உர அளவு போன்ற நேரான கேள்விகளுக்கு இது போதும். கண்ணால் பார்க்க வேண்டிய நோய்க்குப் போனில் சொல்லும் பதில் ஊகம்தான், அதை வைத்து மருந்து வாங்காதீர்கள். உழவன் செயலியை மானிய விவரம், உர இருப்பு, சந்தை விலை, வானிலைக்குப் பயன்படுத்தலாம். யூடியூபில் நல்லவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஆனால் வேறு மாவட்டத்து மண்ணில் எடுத்த விளைச்சல் அது.

சேலம் டவுனில் மாடித் தோட்டம் வைத்திருப்பவர்கள் நமக்கெல்லாம் யார் பதில் சொல்வார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். தாராளமாகப் போகலாம். தோட்டக்கலைத் துறை மாடித் தோட்டத் தளைகளையே (கிட்) மானியத்தில் கொடுத்திருக்கிறது, சந்தியூரிலும் வீட்டுத் தோட்டக் கேள்விகளைக் கேட்பார்கள். ஒட்டு மா, எலுமிச்சை, கொய்யாக் கன்று வாங்குபவர்கள் சாலையோர நர்சரிக்கு முன்னால் அரசுத் தோட்டக்கலைப் பண்ணையில் இருப்பு கேட்டுப் பாருங்கள். கல்வராயன் மலையில் கருமந்துறைப் பண்ணை பெரியது. கன்று எந்தத் தாய்மரத்தில் ஒட்டியது என்று தெரிந்து வாங்குவது, ஐந்தாறு வருடம் கழித்துக் காயைப் பார்த்து ஏமாறாமல் இருக்க ஒரே வழி.

எதைக் கொண்டுபோவது

எந்த இடத்தைத் தேர்ந்தாலும், வெறுங்கையோடு போனால் பாதிப் பதில்தான் கிடைக்கும். நோய் என்றால் ஒரு இலை போதாது. முடிந்தால் வேரும் மண்ணுமாக முழுச் செடி, அதன் பக்கத்தில் நன்றாக இருக்கும் செடி ஒன்று. இலையைச் செய்தித்தாளில் சுற்றுங்கள், பிளாஸ்டிக் பையில் வைத்தால் வேர்த்து அழுகிவிடும், அப்புறம் எது நோய், எது அழுகல் என்று அவர்களால் சொல்ல முடியாது. பூச்சி என்றால் மட்டும் மூடிய டப்பா, இல்லாவிட்டால் மாவுப்பூச்சியைப் போகும் வழியெல்லாம் விதைத்துக்கொண்டு போவோம். வயல் முழுக்கத் தெரியும் ஒரு படம், இலையின் அடிப்பக்கம் ஒரு படம். எந்தத் தேதியில் எந்த உரம், எந்த மருந்து போட்டோம் என்பதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். மருந்து அடித்ததை மறைக்க வேண்டாம், அவர்கள் திட்ட மாட்டார்கள்.

மண் பரிசோதனைக்கு உரம் போட்ட உடனேயோ, வரப்பிலோ, மரத்தடியிலோ, எருக்குழிப் பக்கமோ எடுக்கக் கூடாது. வயலில் பத்துப் பதினைந்து இடத்தில் 'வி' வடிவமாக வெட்டி, பக்கவாட்டில் ஒரே கனத்தில் சுரண்டி எடுங்கள். நெல், கடலைக்கு 15 செ.மீ. ஆழம், மரவள்ளி, கரும்பு, வாழை, பருத்தி, காய்கறிக்கு 22.5 செ.மீ. தென்னை, மா, பாக்குத் தோட்டத்துக்கு 30, 60, 90 செ.மீ. ஆழத்தில் மூன்று தனி மாதிரி. நிழலில் உலர்த்தி, பரப்பி, நான்காகப் பிரித்து எதிர் எதிர்ப் பாகத்தைத் தள்ளித் தள்ளி அரைக் கிலோவுக்குக் கொண்டுவர வேண்டும். கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்க மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை அலசிவிட்டுப் பிடியுங்கள். கோடையில், நிலம் சும்மா கிடக்கும்போது கொடுத்துவிட்டால் ஆடிப் பட்டத்துக்கு முன் முடிவு கையில் இருக்கும். விதைத்த பிறகு வரும் மண் அட்டையால் அந்த வருடத்துக்குப் பெரிய பயன் இல்லை.

திரும்பும் முன் வாயால் சொன்னதை எழுதித் தரச் சொல்லுங்கள். மருந்து தேவை என்றால் கம்பெனிப் பெயர் வேண்டாம், மூலப்பொருளின் பெயர் வேண்டும். லிட்டருக்கு எத்தனை மில்லி, எத்தனை நாள் இடைவெளி, அடித்த பிறகு எத்தனை நாள் காய் பறிக்கக் கூடாது, இந்த மூன்றையும் கேளுங்கள். கீரையும் கத்தரியும் போட்டு உழவர் சந்தைக்குக் கொண்டுபோகிறவர்கள் கடைசிக் கேள்வியை மறக்கவே கூடாது, அதைச் சாப்பிடப் போவது நம் ஊர்ப் பிள்ளைகள்.

அப்புறம் அந்தச் சீட்டோடு கடைக்குப் போங்கள். அதே மூலப்பொருள் வேறு பெயரில் இருந்தால் வாங்கலாம். "இதுவும் அதே மாதிரிதாங்க" என்று வேறொன்றைக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். டப்பாவில் உள்ள முக்கோணத்தின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் கடும் விஷம், அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று விஷத்தன்மை குறையும். காலாவதித் தேதி, தொகுதி எண் இரண்டும் பில்லில் ஏறியிருக்கிறதா என்று பார்த்து வாங்கி வையுங்கள். மருந்து வேலை செய்யாவிட்டால் வேளாண்மை அலுவலரிடம் புகார் கொடுக்க அந்தப் பில் வேண்டும்.